காகக் கூட்டிலிருந்து சமன்பாடு வரை: குயில்–காகம் எண்ணிக்கை மாதிரியைக் கட்டும் முழு வழிகாட்டி

இதைப் படித்து முடிக்கும்போது உங்களிடம் இரண்டு சமன்பாடுகள் இருக்கும். ஒன்று காகத்துக்கு, இன்னொன்று அதன் கூட்டில் முட்டையிடும் குயிலுக்கு. இந்த ஆண்டு இத்தனை என்று கொடுத்தால் அடுத்த ஆண்டு எத்தனை இருக்கும் என்று அவை சொல்லும். எக்செல்லில் நான்கைந்து நெடுவரிசை போதும்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரி மாணவர்களோடு சில பருவங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். கணக்கு வராமல் தடுமாறியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. வரிசை மாறித் தடுமாறியவர்களைத்தான் பார்த்தேன். சமன்பாட்டை முதலில் எழுதிவைத்துக்கொண்டு, அதில் போட எண் தேடி மரத்தடிக்குப் போகிறார்கள். ஒரு கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் எழுதுங்கள். ஊர்க்கணக்கு அப்புறம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீளமான மூங்கில், அதன் நுனியில் சாய்த்துக் கட்டிய சிறு வட்டக் கண்ணாடி, பைனாகுலர், கோடு போட்ட நோட்டு, தொப்பி. தொப்பியை விட்டுவிடாதீர்கள். கூட்டுக்குக் கீழே நிற்பவரைக் காகம் பின்பக்கத்திலிருந்து வந்து தலையில் கொத்தும்.

முட்டையையும் குஞ்சையும் கையால் தொட வேண்டாம். தொடுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், இந்த மாதிரிக்கோ தொட வேண்டிய தேவையே இல்லை. கண்ணாடியில் பத்து விநாடி பார்த்து எண்ணிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

கணக்கில் பின்னத்தைப் பெருக்கத் தெரிந்தால் சரி. அடுக்குக் கணக்கு சில இடத்தில் வரும், அதை எக்செல் பார்த்துக்கொள்ளும். ஆர், பைத்தான் போன்ற நிரல் மொழியெல்லாம் பத்தாவது படிக்கு முன் தேவையில்லை. நிரல் எழுதத் தெரிந்தவர்கள்தான் அவசரப்பட்டு மூன்றாவது படியைத் தாண்டிவிடுகிறார்கள்.

2. எந்தப் பறவை, எந்த எல்லை, எந்த நாள்

முதல் மாதிரிக்கு வீட்டுக் காகமும் குயிலும் போதும். காகக் கூடு பெரியது, தெருவோர வேம்பிலும் தூங்குமூஞ்சியிலும் இருக்கும், வீட்டுக்காரர்களே காட்டிக்கொடுப்பார்கள். தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடும் சுடலைக்குயிலையும் அக்காக்குயிலையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கூடுகளைப் புதரில் கண்டுபிடிக்கவே ஒரு பருவம் போய்விடும். செம்போத்தைச் சேர்த்துவிடாதீர்கள். குயில் குடும்பத்துப் பறவைதான், ஆனால் தானே கூடு கட்டித் தானே குஞ்சு வளர்க்கிறது.

எல்லையை வரைபடத்தில் கோடாகப் போடுங்கள். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றி ஒரு வட்டம், அல்லது புதுச்சேரி பாரதி பூங்காவும் அதை ஒட்டிய தெருக்களும். முதல் பருவத்தில் ஊர் முழுவதையும் எடுத்தவர்கள் ஒரு கூட்டையும் இரண்டாம் முறை பார்க்க முடியாமல் போனார்கள். திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்த 30 கூடு, ஒரே முறை பார்த்த 200 கூட்டைவிட மேல்.

ஆண்டில் ஒரு நாளை எண்ணும் நாளாக வையுங்கள். நான் பங்குனி நடுவை வைக்கிறேன். காகங்கள் ஜோடி ஜோடியாகச் சுள்ளி சுமக்கும், முட்டை இன்னும் அதிகம் வந்திருக்காது. எண்ணும் நாள் முட்டைக்கு முன்பா பின்பா என்பது முடிவானால்தான், எந்த இறப்பு எந்தச் சமன்பாட்டில் வர வேண்டும் என்பது முடிவாகும். இதைத் தீர்மானிக்காமல் தொடங்கியவர்கள் குஞ்சுகளின் முதல் ஆண்டு இறப்பை இரண்டு முறை கழித்துவிடுகிறார்கள்.

எண்ணுவது பெண்களை மட்டும். காகத்தில் ஒரு ஜோடி என்றால் ஒரு பெண் என்று கொள்ளலாம். குயிலில்தான் சிக்கல். உரக்கக் கூவுவது கறுப்பு ஆண். பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளி கொண்ட பெண் ‘கிக் கிக் கிக்’ என்று வேகமாகக் கத்திவிட்டு இலைக்குள் மறையும். கூவலை மட்டும் கேட்டு எண்ணினால் ஆண்களை எண்ணிவிட்டுப் பெண் என்று எழுதியிருப்பீர்கள். ஒரே ஆண் காலை முழுக்க நான்கு மரத்தில் மாறி மாறிக் கூவுவதும் உண்டு. மழைக்காலத்தில் சத்தம் கேட்கவில்லை என்பதால் குயில் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று எழுதியவர்களும் உண்டு. வாயை மூடிக்கொண்டு அதே மரத்தில்தான் இருக்கும்.

3. ஒரு கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு வாசல் வேம்பில் முதன்முதலாகக் கண்ணாடியைத் தூக்கியபோது, அந்த வீட்டம்மா சொன்னார்: “தம்பி, கூட்டை ஒண்ணும் பண்ணிடாதீங்க, தெனம் சோறு வெக்கிற காக்கா.” சுள்ளிக்கு நடுவே கட்டுக்கம்பித் துண்டுகள் பளபளத்தன. உள்ளே ஐந்து முட்டை. நான்கு வெளிர்நீலப் பச்சையில் பழுப்புப் புள்ளி. ஐந்தாவது கொஞ்சம் சிறியது, சாம்பல் கலந்த பச்சை, செம்பழுப்புத் திட்டு. முதல் பார்வையில் கூடவந்த மாணவி நான்கையும் ஒன்றையும் சேர்த்து ஐந்து காக முட்டை என்றுதான் எழுதினார். கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வெயில் நேராக விழச் செய்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. முட்டையைக் காலை எட்டு மணிக்கு மேல் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது முக்கியமான கேள்வி: அந்த ஐந்தாவது முட்டையால் காகத்துக்கு எவ்வளவு நட்டம்?

புதிதாக வருபவர்கள் பத்தில் எட்டுப் பேர் ‘முழு நட்டம்’ என்று எழுதுகிறார்கள். காரணம், அவர்கள் படித்தது ஐரோப்பியக் குயிலைப் பற்றி. அந்தக் குஞ்சு கண் திறக்கும் முன்பே மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகில் ஏற்றிக் கூட்டுக்கு வெளியே தள்ளிவிடும். நம் ஊர்க் குயிலின் குஞ்சு அப்படித் தள்ளுவதில்லை. காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளர்கிறது. ஒரே காகக் கூட்டிலிருந்து குயில் குஞ்சும் காகக் குஞ்சும் பறந்துபோவதை நீங்களே பார்க்கலாம்.

நட்டம் வேறு வழியில் வருகிறது. குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிக்கும். காக முட்டைக்கு 16, 17 நாள் ஆகும். முன்னால் பொரித்த குஞ்சு முன்னால் வாயைத் திறக்கிறது, தீனி அதற்கே அதிகம் போகிறது. கடைசியாகப் பொரித்த காகக் குஞ்சு பட்டினியில் போகும். ஆக, குயில் புகுந்த கூட்டில் காகத்தின் விளைச்சல் குறையும், பூஜ்யமாகாது.

ஆகவே ஒவ்வொரு கூட்டுக்கும் நோட்டில் நான்கு எண் எழுதுங்கள்: காக முட்டை, குயில் முட்டை, பறந்த காகக் குஞ்சு, பறந்த குயில் குஞ்சு. குஞ்சில் குழப்பம் வந்தால் காலைப் பாருங்கள். காகக் குஞ்சுக்கு மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே. குயில் குஞ்சுக்கு இரண்டு முன்னே, இரண்டு பின்னே. உடல் இரண்டும் கறுப்பாக இருக்கும், கால் பொய் சொல்லாது.

பிறகு கூடுகளை இரண்டாகப் பிரியுங்கள், குயில் புகாதவை, புகுந்தவை என்று. ஒவ்வொன்றிலும் பறந்த காகக் குஞ்சுகளின் சராசரியைப் பாதியாக்குங்கள், அதுதான் மகள்கள். எடுத்துக்காட்டுக்கு நான் வைத்துக்கொள்ளும் எண்கள்: புகாத கூட்டில் 0.8 மகள், புகுந்த கூட்டில் 0.5 மகள், புகுந்த கூடு ஒன்றிலிருந்து 0.25 குயில் மகள். இவையும் கீழே வரும் மற்ற எண்களும் கணக்கைக் காட்ட நான் வைத்தவை. உங்கள் ஊர் எண்ணை உங்கள் நோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

4. கூடு தப்பும் வாய்ப்பைச் சரியாகக் கணக்கிடுங்கள்

20 கூடு பார்த்தோம், 6 அழிந்தது, 14 தப்பியது, ஆக 70 சதவீதம் வெற்றி. இப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இது தவறு, அதுவும் ஒரே பக்கமாகச் சாயும் தவறு.

முதல் வாரத்திலேயே காற்றில் விழுந்த கூடு உங்கள் கண்ணில் படவே இல்லை. நீங்கள் கண்டுபிடித்தவற்றில் பல, ஏற்கெனவே பாதிக் காலத்தைத் தாண்டியவை. தப்பியவற்றை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் தப்பும் என்கிறீர்கள்.

இதற்கு ஹெரால்டு மேஃபீல்டு 1961-இல் ஒரு எளிய வழி சொன்னார். கூட்டை எண்ணாதீர்கள், கூட்டு-நாளை எண்ணுங்கள். ஒரு கூட்டை 15 நாள் கவனித்தால் 15 கூட்டு-நாள். 20 கூட்டுக்கும் சேர்த்து 300 கூட்டு-நாள், அதில் 6 அழிவு என்றால், ஒரு நாளில் அழியும் வாய்ப்பு 6 ÷ 300, அதாவது 0.02. தப்பும் வாய்ப்பு 0.98. முட்டையும் குஞ்சுமாக 40 நாள் என்று வைத்தால் 0.98-ஐ 40 முறை பெருக்குங்கள். 0.45 வரும்.

70 எங்கே, 45 எங்கே! இந்த ஒரு திருத்தத்தைச் செய்யாமல் விட்டால் காகம் ஆண்டுதோறும் பெருகுவதாக உங்கள் மாதிரி காட்டும், ஏன் என்று நீங்கள் மூன்று வாரம் தேடுவீர்கள். மூன்றாவது படியின் சராசரிகளையும், தப்பிய கூடுகளுக்கு மட்டும் எடுத்து, இந்தத் தப்பும் வாய்ப்பால் பெருக்க வேண்டும்.

கூட்டைத் தொலைத்த காகம் அதே பருவத்தில் மறுபடி கட்டக்கூடும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் விழுந்த கூட்டுக்கு இரண்டாம் வாய்ப்பு உண்டு. குயில் குஞ்சைக் கடைசி நாள் வரை வளர்த்த காகத்துக்கு அந்தப் பருவமே முடிந்துவிடும். அதனால் எண்ண வேண்டியது ஒரு கூட்டின் விளைச்சலை அல்ல, ஒரு பெண் காகத்தின் பருவ விளைச்சலை.

5. குயில் முட்டைகளைக் கூடுகளில் பரப்புங்கள்

100 கூடு, 50 குயில் முட்டை. எத்தனை கூட்டில் குயில் புகுந்திருக்கும்? 50 என்று சொல்லத் தோன்றும். அது ஒவ்வொரு முட்டையும் தனித்தனிக் கூட்டில் விழுந்தால்தான்.

குயில்கள் ஒன்றையொன்று பார்க்காமல் கண்ட கூட்டில் இட்டால், சில கூட்டில் இரண்டு விழும், சிலதில் ஒன்றும் விழாது. அப்போது குயிலிடமிருந்து தப்பிய கூடுகளின் பங்கைப் பாய்சான் பரவல் தரும்: 2.718-ஐ, ‘கூட்டுக்குச் சராசரி குயில் முட்டை’ என்ற எண்ணின் எதிர்மறை அடுக்குக்கு உயர்த்த வேண்டும். எக்செல்லில் எக்ஸ்ப் (EXP) என்ற சூத்திரம் இதைச் செய்யும். சராசரி 0.5 என்றால் விடை 0.607. அதாவது 61 கூடு தப்பும், 39 கூட்டில் குயில் புகும்.

ஆனால் நோட்டைத் திறந்து பார்த்தால் அவ்வளவு பரவலாகவும் இருக்காது. மறைவில்லாத மரம், குயில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கத் தோதான பக்கத்து மரம் என்று சில கூடுகள் திரும்பத் திரும்ப மாட்டும். ஒரே காகக் கூட்டில் பத்துக்கு மேல் குயில் முட்டை இருந்ததாகவும் பதிவுகள் உண்டு. இந்தக் குவியலுக்கு ஒரு ‘குவிப்பு எண்’ வைக்கிறோம். சராசரியைக் குவிப்பு எண்ணால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, குவிப்பு எண்ணின் எதிர்மறை அடுக்குக்கு உயர்த்தினால் தப்பிய பங்கு வரும். குவிப்பு எண் 0.5 என்றால்: 0.5 ÷ 0.5 = 1, ஒன்றைக் கூட்ட 2, அதன் −0.5 அடுக்கு 0.707. தப்பியவை 71, மாட்டியவை 29.

அதே 50 முட்டைதான். 50, 39, 29 என்று மூன்று விடை. குவியல் காகத்துக்குக் கேடயம், குயிலுக்கு வீண்செலவு. உங்கள் நோட்டில் குயில் முட்டை இல்லாத கூடு எத்தனை, ஒன்று உள்ளது எத்தனை, இரண்டு உள்ளது எத்தனை என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். பாய்சான் சொல்வதைவிட வெறும் கூடும் நிரம்பிய கூடும் இரண்டும் அதிகமாக இருந்தால் குவிப்பு எண்ணைச் சேருங்கள். முதல் ஓட்டத்துக்குப் பாய்சானே போதும்.

இந்த 39 சதவீதத்தை வைத்து மூன்றாவது படியின் முக்கியத்துவத்தைப் பார்த்துவிடலாம். வளர்ந்த காகம் ஆண்டைத் தாண்டும் வாய்ப்பு 0.80, பறந்த மகள் அடுத்த பருவம் வரை பிழைக்கும் வாய்ப்பு 0.40 என்று வையுங்கள். சராசரி மகள் 0.607 × 0.8 + 0.393 × 0.5 = 0.68. பெருக்க விகிதம் 0.80 + 0.40 × 0.68 = 1.07. காகம் பெருகுகிறது. ஐரோப்பியக் குயில் போல முழு நட்டம் என்று வைத்தால் சராசரி மகள் 0.49, விகிதம் 0.99. காகம் குறைகிறது. ஊரும் அதே, முட்டையும் அதே. கூட்டுக்குள் நடப்பதைத் தவறாக எழுதியதால் முடிவே தலைகீழாகிறது.

6. ஒரு குயில் எத்தனை முட்டை இட முடியும்

குயிலுக்கு இரண்டு தடை. கூடு குறைவாக இருந்தால் தேடல்தான் தடை. கூடு நிறைய இருந்தால் அதன் வயிற்றில் உள்ள முட்டைதான் தடை. இரண்டையும் ஒரே வரியில் வைக்கலாம்:

ஒரு குயில் இடும் முட்டை = (தேடல் எண் × கூடுகள்) ÷ (1 + தேடல் எண் × கூடுகள் ÷ முட்டை வரம்பு)

தேடல் எண் என்பது, ஒரு குறிப்பிட்ட குயில் ஒரு குறிப்பிட்ட கூட்டைச் சரியான நாளில் கண்டுபிடிக்கும் வாய்ப்பு. அதை 0.24, முட்டை வரம்பை 8 என்று வையுங்கள். 100 கூடு இருந்தால் 24 ÷ 4, அதாவது 6 முட்டை. 25 கூடு இருந்தால் 6 ÷ 1.75, அதாவது 3.4.

‘சரியான நாள்’ என்பதை மறக்காதீர்கள். காகம் அடைகாக்கத் தொடங்கிப் பத்து நாள் கழித்து இட்ட குயில் முட்டைக்கு முன்னால் பொரிக்கும் சலுகை இல்லை. சித்திரையில் 100 கூடு கண்ணில் பட்டாலும் ஒரே வாரத்தில் முட்டையிடும் நிலையில் இருப்பவை கொஞ்சம்தான்.

7. ஆண்டுச் சமன்பாடு

இப்போதுதான் சமன்பாடு.

காகத்துக்கு ஒரு பிரேக் வேண்டும், இல்லையென்றால் எண்ணிக்கை வானத்துக்குப் போகும். கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்துக் கழிவு, சந்தைக் குப்பை, வாசலில் வைக்கும் சோறு, இவ்வளவுதான் ஊரில் தீனி. காகம் கூடக்கூட இளங்காகம் பிழைப்பது குறையும். அதனால் மகள்களின் பங்கை (1 + காகம் ÷ 200) என்பதால் வகுக்கிறோம்.

அடுத்த ஆண்டு காகம் = 0.80 × காகம் + 0.40 × காகம் × (தப்பிய பங்கு × 0.8 + மாட்டிய பங்கு × 0.5) ÷ (1 + காகம் ÷ 200)

அடுத்த ஆண்டு குயில் = 0.60 × குயில் + 0.30 × 0.25 × காகம் × மாட்டிய பங்கு

0.60 என்பது வளர்ந்த குயில் ஆண்டைத் தாண்டும் வாய்ப்பு, 0.30 இளங்குயில் பிழைக்கும் வாய்ப்பு. வளர்ந்த குயிலின் பிழைப்பில் காகம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது பழம் தின்று வாழ்கிறது, காகத்தைத் தின்று அல்ல. புலி–மான் சமன்பாட்டை எடுத்துப் பெயரை மாற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். காகம் குறைந்தால் குயில் பட்டினி கிடப்பதில்லை. அதற்கு வாரிசுதான் இல்லாமல் போகும்.

உங்கள் எக்செல் சரியா என்று பார்க்க: காகம் 100, குயில் 4 என்று தொடங்குங்கள். ஒரு குயிலுக்கு 6 முட்டை, மொத்தம் 24, கூட்டுக்குச் சராசரி 0.24. தப்பிய பங்கு 0.787. அடுத்த ஆண்டு காகம் 99.6, குயில் 4.0 என்று வர வேண்டும். வராவிட்டால் அடைப்புக்குறியைப் பாருங்கள். பெரும்பாலும் பிரேக்கின் வகுத்தல் தவறான இடத்தில் இருக்கும்.

8. நீண்ட ஓட்டத்துக்கு முன் இரண்டு சோதனை

முதல் சோதனை, குயிலைப் பூஜ்யம் ஆக்குங்கள். காகம் 120-இல் போய் நிற்க வேண்டும். 0.80 + 0.32 ÷ (1 + 120 ÷ 200) என்பது சரியாக 1. கையால் போட்ட விடையும் எக்செல் விடையும் ஒன்றாக வந்தால்தான் அடுத்ததற்குப் போக வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஒரு பெண் குயிலை விட்டுப் பாருங்கள். அது தன் இடத்தை நிரப்புமா? அதன் விகிதம் 0.60 + முட்டை × 0.25 × 0.30. இது ஒன்றைத் தொட, பருவத்துக்கு 5.33 முட்டை வேண்டும். அவ்வளவு முட்டை இட, ஆறாவது படிச் சூத்திரப்படி 67 கூடு வேண்டும். 67 ஜோடிக்குக் கீழே போனால், காகம் ஊரில் இருந்தாலும் குயில் நிலைக்காது. அந்த எல்லைக்குக் கீழே தொடங்கிவிட்டு, ‘குயில் அழிந்துபோகிறது, சூத்திரம் தப்பு’ என்று வந்தவர்கள் உண்டு. சூத்திரம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டும் தேறினால் 200 ஆண்டு ஓட்டுங்கள். காகம் 96-க்குப் பக்கத்திலும் பெண் குயில் 3.6-க்குப் பக்கத்திலும், மெல்ல மெல்ல நகர்ந்து அடங்கும். ஐந்து கூட்டுக்கு ஒன்றில் குயில். முப்பது ஆண்டோடு நிறுத்தினால் அந்த நகர்வைப் பார்த்துப் ‘போக்கு’ என்று எழுதிவிடுவீர்கள்.

9. எந்த எண்ணுக்கு அதிகம் உழைப்பது

ஒவ்வொரு எண்ணையும் 5 சதவீதம் கூட்டி, விடை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஐந்தாவது படியின் 1.07-ஐ எடுத்துக்கொள்வோம். வளர்ந்த காகத்தின் பிழைப்பை 0.80-இலிருந்து 0.84 ஆக்கினால் விகிதம் 0.04 கூடும். மாட்டிய கூட்டின் மகள் எண்ணை அதே 5 சதவீதம் கூட்டினால் 0.004 மட்டுமே. பத்து மடங்கு வித்தியாசம்.

கூட்டைப் பார்ப்பது பிடித்திருப்பதால் எல்லோரும் கூட்டையே பார்க்கிறார்கள். வளர்ந்த காகம் ஆண்டைத் தாண்டுகிறதா என்பதை யாரும் பார்ப்பதில்லை, அது கடினமும்கூட. காலில் வளையம் போட அனுமதியும் பயிற்சியும் வேண்டும். அது இல்லாதபோது 0.75, 0.80, 0.85 என்று மூன்று மதிப்புக்கும் ஓட்டி மூன்று விடையையும் எழுதுங்கள். ஒற்றை எண்ணை எழுதிவைத்து நிச்சயம் போலக் காட்டுவது நேர்மையல்ல.

காகம் பிறந்த மறு ஆண்டே கூடு கட்டுவதில்லை என்பதையும் இங்கே சேர்க்கலாம். இளங்காகத்துக்கு ஒரு நெடுவரிசை கூட்டுங்கள்.

10. புயல் ஆண்டைச் சேருங்கள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பெருமரங்கள் சாய்ந்தன, பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் போயின. நம் கரையில் இதை விதிவிலக்காக ஒதுக்கிவைக்க முடியாது.

எந்த எண்ணில் புயலைப் போடுவது? நிறையப் பேர் முட்டை எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். காகம் முட்டையிடுவது கோடையில், புயல் பெரும்பாலும் வருவது ஐப்பசி முதல் மார்கழி வரை. அப்போது கூட்டில் ஒன்றும் இருக்காது. புயல் அடிப்பது வளர்ந்ததையும், அந்த ஆண்டு பறந்த இளசையும். ஆகவே 0.80-ஐயும் 0.40-ஐயும் குறையுங்கள். மரம் சாய்ந்ததற்காக அடுத்த சில ஆண்டுக்குக் கூடு கட்டும் ஜோடிகளின் பங்கையும் குறையுங்கள். எண்ணும் நாளை இரண்டாவது படியிலேயே முடிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

சராசரி எடுப்பதிலும் ஒரு குழி இருக்கிறது. பத்தில் ஒன்பது ஆண்டு விகிதம் 1.07, ஒரு ஆண்டு 0.5 என்று வையுங்கள். கூட்டிப் பத்தால் வகுத்தால் 1.013, அதாவது பெருகுகிறது. ஆனால் எண்ணிக்கை கூட்டலில் வளர்வதில்லை, பெருக்கலில் வளர்கிறது. பத்து எண்ணையும் பெருக்கிப் பத்தாம் மூலம் எடுத்தால் 0.992, அதாவது குறைகிறது. எப்போதும் பெருக்கல் சராசரியையே எடுங்கள்.

பெண் குயில் மூன்று நான்குதான் என்றால், 3.6 குயில் என்ற எண்ணுக்கும் பொருள் இல்லை. ஒவ்வொரு குயிலுக்கும் தனித்தனியாகக் காசு சுண்டி, பிழைத்ததா இல்லையா என்று ஓட்ட வேண்டும். ஆர் அல்லது பைத்தான் இந்த இடத்தில்தான் வேண்டும். ஆயிரம் முறை ஓட்டி, எத்தனை முறை குயில் காணாமல் போனது என்று எண்ணுங்கள். வெளியிலிருந்து வந்து சேரும் ஓரிரு குயிலையும் கணக்கில் சேருங்கள். மஞ்சக்குப்பத்துக்குச் சுவர் கிடையாது.

11. ‘குயிலை எடுத்தால் காகம் கூடுமா’ என்ற கேள்வி வரும்போது

மாதிரி கையில் வந்ததும் எல்லோரும் செய்யும் முதல் சோதனை, ஒட்டுண்ணியான குயிலை நீக்குவது. அதற்கு முன் அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிர்ட்லாண்ட் கதிர்க்குருவி என்ற அரிய பறவையின் கூடுகளில் பழுப்புத்தலைக் கௌபேர்டு என்ற பறவை முட்டையிட்டுவந்தது. பாடும் ஆண்களை எண்ணியதில் 1961-இல் 502, 1971-இல் 201. உடனே 1972 முதல் கௌபேர்டுகளைப் பொறிவைத்துப் பிடித்து நீக்கினார்கள். கூடுகளில் ஒட்டுண்ணி மிகவும் குறைந்தது, பறந்துபோகும் குஞ்சுகள் கூடின. ஆனால் 1987-இல் எண்ணியபோது 167 ஆண்தான். அந்தக் குருவிக்கு இளம் ஜாக் பைன் காடு வேண்டும், அது போதுமான அளவு இல்லை. 1980-இல் மாக் லேக் பகுதியில் பற்றிய பெருந்தீக்குப் பின் முளைத்த காடு தக்க வயதுக்கு வந்த பிறகுதான், 1990-களில் எண்ணிக்கை ஏறியது. நாலாவது படியில் சொன்ன மேஃபீல்டு கூட்டு-நாள் கணக்கை எழுதியதும் இதே பறவையை ஆராய்ந்த அனுபவத்தில்தான்.

நம் மாதிரியில் இதற்குச் சமமானது அந்த 200 என்ற பிரேக் எண். குயிலை நீக்கினால் காகம் 96-இலிருந்து 120 வரைதான் போகும், அதற்கு மேல் தீனி விடாது. பிரேக்கை எழுதாமல் விட்ட மாதிரி, குயிலை நீக்கியதும் காகம் முடிவில்லாமல் பெருகும் என்று சொல்லும். அதை நம்பி ஒருவர் குயிலைத் துரத்தக் கிளம்பினால் பொறுப்பு மாதிரியை எழுதியவருக்கு.

12. அடுத்து எதைச் சேர்ப்பது

இரண்டு பருவம் நோட்டு நிரம்பிய பிறகு அண்டங்காக்கையைச் சேருங்கள். குயில் அதன் கூட்டிலும் இடுகிறது. இரண்டாவது ஓம்புயிர், அதாவது குயில் குஞ்சை வளர்க்கும் இன்னொரு பறவை, வந்ததும் எட்டாவது படியின் 67 என்ற எல்லை உடைந்துவிடும். வீட்டுக் காகம் 40 ஜோடியாகக் குறைந்தாலும் குயில் மற்றதை நம்பித் தங்கும், குறைந்துபோன வீட்டுக் காகத்தை இன்னும் அழுத்தும். அடர்த்தியான இனத்தைவிட அரிதான இனத்துக்கே ஒட்டுண்ணி ஆபத்தாவது இப்படித்தான்.

காகம் அந்நிய முட்டையை அடையாளம் கண்டு ஒதுக்குவதை இப்போதைக்கு விட்டுவிடலாம். காகம் குயிலைத் துரத்துகிறது, ஆனால் முட்டையைப் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. தவிட்டுக்குருவிக்கோ வேறு பறவைக்கோ போகும்போது ‘ஒதுக்கும் பங்கு’ என்று ஒரு எண் வைத்து, அதை ஆண்டுக்கு ஆண்டு மாற விடுங்கள். ஜப்பானில் நாகானோ பகுதியில் (அந்த ஐரோப்பியக் குயில் இனமேதான்) குயில் புதிதாக ஒரு மேக்பை இனத்தின் கூட்டில் இடத் தொடங்கிய சில பத்தாண்டுகளிலேயே முட்டையை ஒதுக்கும் பழக்கம் அந்தப் பறவையிடம் பரவியது. 200 ஆண்டு ஓட்டத்தில் அதை மாறாத எண்ணாக வைக்க முடியாது.

முதல் பருவத்துக்கு இதில் எதுவும் வேண்டாம். சித்திரை பிறக்கும் முன் 30 மரத்துக்கு எண் போட்டு, வாரம் இருமுறை கண்ணாடியைத் தூக்குங்கள். கத்திரி வெயில் முடிவதற்குள் நான்காவது படி வரைக்குமான எண்கள் நோட்டில் வந்துவிடும்.